திங்கட்கிழமை தண்ணி

1. முதல் நாளே திருடன்

இந்த லைனுக்கு நான் வந்தது நாப்பத்தெட்டு வயசுல. அதுக்கு முன்னாடி சுபாங் ஜெயா பக்கம் வீடு வீடா ஏர்கோன் ரிப்பேர். முட்டி ரெண்டும் "போதும்லா மணியம்"னு கத்த ஆரம்பிச்சதும் ஏணி ஏறாத வேலையா தேடினேன். ஒரு சின்ன கம்பெனி கூப்பிட்டாங்க. "தண்ணி வேலை, தரையில நின்னு பாக்கறதுதான்"னு சொன்னாங்க. தண்ணி தரைக்கு அடியில இருக்குங்கறத மட்டும் சொல்லல.

முதல் நாள் சைட்டுக்குப் போறேன். டெங்கில் தாண்டி பந்திங் போற வழியில, எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குப் பின்னாடி, லங்காட் ஆத்தங்கரை. ரெண்டு கிணறு, ஒரு பம்ப், அதுக்குக் கரண்டு குடுக்க ஒரு ஜென்செட், அத ஓட்டறதுக்கு பாக் மாட்னு ஒரு மலாய்க்காரப் பெரியவர். அவ்வளவுதான் சைட்டு. நான் ஹெல்மெட்டப் போட்டுட்டு இடுப்புல கை வச்சு நிக்கிறேன், ஒரு அக்கா மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்கினாங்க. பின் சீட்டுல கூடை, கூடை நிறைய தாமரை மொட்டு.

"யாருங்க இங்க பெரிய ஆளு?"

பாக் மாட் சத்தமில்லாம என்னைக் காட்டிட்டாரு. என் ஹெல்மெட் புதுசு, அதான் காரணம்.

"நீங்கதான் தண்ணி திருடறவரா?"

"அக்கா, நான் இன்னிக்குத்தான் வேலைக்கே வந்திருக்கேன்."

"அப்ப இனிமேதான் திருடுவீங்க."

பேரு லெட்சுமி. எங்க கிணத்துக்கு அந்தப் பக்கம் பழைய மணல் குட்டை ஒண்ணு இருக்கு. ஒரு காலத்துல மணல் தோண்டி எடுத்துட்டு அப்படியே விட்ட பள்ளம், தண்ணி ரொம்பி ஏரி மாதிரி ஆயிருச்சு. அத குத்தகைக்கு எடுத்து தாமரை போட்டிருக்காங்க. கிள்ளான்ல பூக்கடைகளுக்கு வெள்ளிக்கிழமைப் பூ இவங்களோடதுதான். நாங்க பம்ப் வச்சதுலேர்ந்து குட்டை வத்துதாம்.

"மழையே இல்லையே அக்கா, எல்லா எடத்துலயும் வத்தத்தான் செய்யும்"னு சொன்னேன். வேலைக்கு வந்து ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு, அதுக்குள்ள நிபுணர் ஆயிட்டேன்.

2. மணலே ஃபில்டர்

எங்க ஆபீஸ் பிரிக்ஃபீல்ட்ஸ்ல, ஒரு மசாலா கடைக்கு மேல. மீட்டிங் முடிச்சு வீட்டுக்குப் போனா பொண்டாட்டி சட்டைய மோந்து பாத்து, "எங்க சாப்பிட்டீங்க?"னு கேப்பா. பாஸ் ஜேம்ஸ் சார், இஞ்சினியர். ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்தவரு. எதையும் கோடு போட்டுத்தான் விளக்குவாரு.

"மணியம், ஆத்துல மேல எவனாவது எதையாவது ஊத்திட்டா என்ன ஆகும்?"

"நாத்தம் வரும். தண்ணி சுத்தம் பண்ற பிளாண்ட மூடுவாங்க. எங்க வீட்ல பைப்புல காத்து வரும். பக்கெட்ட தூக்கிட்டு தண்ணி லோரி பின்னாடி ஓடுவோம்."

"கரெக்ட். இப்ப ஆத்துலேர்ந்து நேரா எடுக்காம, கரையில கிணறு போட்டு மெதுவா இழுத்தா? ஆத்துத் தண்ணி மணல், சரளைக்கல் எல்லாம் தாண்டி வடிஞ்சு வரும். பாதி அழுக்கு அங்கயே நின்னுரும். மணலே ஃபில்டர்."

நல்ல விஷயம்தான். அத நான் இன்னிக்கும் மறுக்க மாட்டேன். தண்ணி கட்டான நாள்ல தோள்ல பக்கெட் சுமந்தவன் மறுக்கவும் கூடாது. ஆனா ஒண்ணு கேட்டேன்.

"சார், கிணறு ஆத்துலேர்ந்துதான் இழுக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் ஒரு குட்டையும் இருக்கே."

ஜேம்ஸ் சார் பேனாவ கீழ வச்சாரு. "அதப் பாக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்."

இப்ப ரெண்டு கிணத்துல டெஸ்ட். ரிசல்ட் நல்லா வந்தா ஆறு கிணறு, ராவும் பகலும் ஓடும். குட்டைக்கு ஒண்ணும் ஆகலன்னு நாங்க அதிகாரிங்களுக்கு எழுதிக் குடுத்தாத்தான் அந்த ஆறு கிணறும் வரும்.

3. நேர்க்கோடு

என் வேலை இதுதான். குட்டைக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு ஒல்லிக் குழாய் இறக்கியிருக்கு, தண்ணி மட்டம் பாக்கறதுக்கு. அதுக்குள்ள டிப் மீட்டர விடணும். டிப் மீட்டர்னா நுனியில சென்சார் வச்ச நீள டேப். தண்ணிய தொட்டா 'பீப்'னு கத்தும், சின்ன லைட் ஒண்ணு எரியும். டேப்புல அளவப் பாத்து எழுதணும். அப்புறம் குட்டைக்குள்ள நட்டு வச்ச அளவுப் பலகைய கரையிலேர்ந்தே பாத்து எழுதணும். வாரத்துக்கு ஒரு தடவ, திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு.

ரெண்டு மாசம் எழுதினேன். கிராஃப் போட்டா கோடு பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்கிட்டு அசையாம இருந்துச்சு. ஜேம்ஸ் சார் அத வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "பியூட்டிஃபுல்லா"ன்னாரு.

எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள நமைச்சல். இருபது வருசம் ஏர்கோன் பாத்தவன் நான். "ஃபில்டர் போன மாசம்தான் கழுவுனோம்"னு சொல்ற வீட்டுக்குள்ள போய்த் திறந்தா, உள்ள பல்லி குடும்பம் நடத்தும். யார் எதைச் சொன்னாலும் திறந்து பாக்கற புத்தி அதுலேர்ந்து வந்ததுதான். லெட்சுமி அக்கா குட்டை வத்துதுன்னு சத்தியம் பண்றாங்க, என் கோடு வத்தலன்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய். என் கோடு பொய் சொல்லாது, நான்ல எழுதினேன்! அப்ப அக்காதான்.

4. பனைமரத்துக்குப் பின்னாடி துப்பறிவாளர்

நான் ஒரு கதைய கட்டினேன். அக்காவே ரகசியமா சின்ன பம்ப் வச்சு குட்டைத் தண்ணிய பக்கத்துக் காய்கறித் தோட்டத்துக்குக் குடுக்கறாங்க. வத்தின பழிய எங்க மேல போடறாங்க. இத கண்ணால பாத்துட்டா வேலை முடிஞ்சுது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பனைமரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்தேன். எண்ணெய்ப்பனை பெரிய மரம்தான், ஆனா என் வயிறு அதுக்கும் பெருசு. அரை மணி நேரம் ஆச்சு. பம்பக் காணோம், குழாயக் காணோம். செவ்வெறும்பு மட்டும் என் கால்சட்டைக்குள்ள குடும்பத்தோட வந்துருச்சு. எழுந்து குதிச்சேன்.

"ஐயோ, யாருடா அது?" அக்கா கையில அருவா.

"நான்தான் அக்கா, மணியம்! தண்ணி ஆபீஸ்!"

"இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா... மரம் பாக்க வந்தேன்."

"நாப்பது வருசமா நிக்கற மரத்த இன்னிக்குப் பாக்க வந்தீங்களா? என்னை வேவு பாக்கறீங்க." அருவாவ இறக்கினாங்க. "வேவு பாக்கறவரு நேரா வந்து பாருங்க. வாங்க, வாங்க!"

கரையோரம் பலகையில ஒரு சின்ன படித்துறை கட்டியிருந்தாங்க. அதுல ஒரு ஃபைபர் படகு. அதுல போய்த்தான் நடுக்குட்டைப் பூவப் பறிக்கணும். பலகை ஒவ்வொண்ணையும் தொட்டுக் காட்டினாங்க.

"தண்ணி இந்த மேல் பலகைய நனைக்கணும். இப்ப எங்க நிக்குதுன்னு பாருங்க. மூணு பலகை கீழ. நாளைக்கு காலையில படகே நகராது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இப்படித்தான். சேத்துல இறங்கித் தள்ளிப் போய்ப் பறிக்கிறேன். பாதி பூ மேல கையே எட்டல."

"ஆனா அக்கா, நான் திங்கட்கிழமை பாக்கும்போது தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு."

அவங்க என்னை ஒரு தினுசாப் பாத்தாங்க. "திங்கட்கிழமை தண்ணி நல்லாத்தான் இருக்கும். திங்கட்கிழமை எனக்கு பூ வேணாமே. வெள்ளிக்கிழமை வாங்க."

5. வெள்ளிக்கிழமை

போனேன். நம்பிப் போகல. அவங்க சொல்றது பொய்னு காட்டத்தான் போனேன்.

பம்ப் நாலு நாளா ஓடிட்டு இருந்துச்சு. குட்டையச் சுத்தி கறுப்பு சேறு, கோப்பையில காப்பி குடிச்சு முடிச்சா நிக்குமே, அந்த வளையம் மாதிரி. படகு சாஞ்சு கிடந்துச்சு. அளவுப் பலகைய கிட்ட போய்ப் பாக்கலாம்னு காலை வச்சேன். முட்டி வரைக்கும் போயிருச்சு. இழுத்தேன். கால் வந்துச்சு, பூட் வரல. அந்த பூட் இன்னும் அங்கதான் இருக்கு, நான் அந்தக் குட்டைக்கு விட்டுட்டு வந்த நஷ்டஈடு.

அளவ எழுதினேன். திங்கட்கிழமை அளவோட வச்சுப் பாத்தா ஒரு சாணுக்கு மேல கீழ.

அக்கா கரையில நின்னு பாத்துட்டு இருந்தாங்க. "நான் சொன்னேன்ல"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். அவங்க ஒரு வாளியில தண்ணி எடுத்து வந்து, "காலக் கழுவுங்க"ன்னாங்க.

பாக் மாட்கிட்ட போனேன். மனுசன் பையைக் கட்டிட்டு இருந்தாரு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிஞ்சதும் ஜென்செட்ட ஆஃப் பண்ணிட்டு பேராக்ல இருக்கற கம்பத்துக்கு, அதான் சொந்த ஊருக்கு, போயிருவாரு. திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் திரும்பி ஆன் பண்ணுவாரு. ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தானாம், எல்லாருக்கும் தெரியுமாம்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பம்ப் மூணு நாள் தூங்குது. அந்த மூணு நாளும் ஆத்துப் பக்கத்துலேர்ந்து மண்ணுக்குள்ள தண்ணி வடிஞ்சு வந்து குட்டை மறுபடி ஏறுது. ஏறி முடிஞ்சு நல்லா மூச்சு விடற நேரத்துல நான் போய் டேப்ப விடறேன். பத்து மணிக்கு பம்ப் ஓடுது, எட்டு மணிக்கே நான் எழுதி முடிச்சாச்சு. காய்ச்சல்காரனுக்கு மாத்திரை குடுத்து, ஜுரம் இறங்கினதும் தெர்மாமீட்டர் வச்சு, "இவனுக்கு ஜுரமே இல்ல"னு ரெண்டு மாசமா சர்ட்டிஃபிகேட் எழுதிட்டு இருந்திருக்கேன்.

6. யார் கையெழுத்து

மோட்டார்ல பிரிக்ஃபீல்ட்ஸ் வர்ற வரைக்கும் எனக்கு ஒரே நினைப்பு. இது தற்செயல் இல்ல. யாரோ வேணும்னேதான் திங்கட்கிழமை எட்டு மணின்னு வச்சிருக்காங்க. ஜேம்ஸ் சாரோட சிரிப்பு, அந்த "பியூட்டிஃபுல்லா", எல்லாம் இப்ப வேற மாதிரி தெரிஞ்சுது.

படியேறிப் போய் ஃபைல இழுத்தேன். முதல் பக்கத்துலயே இருந்துச்சு. அளவு எடுக்கற நாள், நேரம், காரணம். காரணம்: 'ஜென்செட் ஓடும்போது பீப் சத்தம் கேக்கல. ஓடறதுக்கு முன்னாடி எடுத்தா வசதி.' கீழ கையெழுத்து. மணியம்.

சத்தியமா மறந்துட்டேன். வேலைக்குச் சேந்த ரெண்டாவது வாரம் நானே எழுதிக் குடுத்தது. இருபது வருசம் கம்ப்ரெஸர் பக்கத்துல நின்ன காது, பீப் எங்க கேக்கும்? லைட்டப் பாக்கலாம்னா வெயில்ல தெரியாது. கண்ணாடி போட்டா தெரியும். ஆனா கண்ணாடி போட்டா வயசானவன் மாதிரி இருக்குமேன்னு பெட்டியிலயே வச்சிருந்தேன்.

எல்லாரையும் திறந்து பாத்தவன், என் மூடிய மட்டும் திறக்கல.

ஜேம்ஸ் சார் உள்ளேர்ந்து வந்தாரு. "என்ன மணியம், சேத்தோட வந்திருக்கீங்க? ஒரு பூட் எங்க?"

சொன்னேன். முழுசா சொன்னேன். அவரு நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கல. "லெட்சுமி அக்காவுக்குத் தெரியும் சார். நமக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியும்."

"அடுத்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும்."

"சார், வெள்ளிக்கிழமைதான் சார் பிரச்சனையே."

அவரு சிரிக்கல. நானும் சிரிக்கறதுக்குச் சொல்லல. ரிப்போர்ட் இப்படியே போனா ஆறு கிணறு வரும். அதுக்கு சனியும் இல்ல ஞாயிறும் இல்ல. குட்டை மூச்சு விட நாளே இருக்காது. அடுத்த வருசம் அக்கா அங்க மரவள்ளிதான் நடணும்.

"ரெண்டு மாச டேட்டா குப்பைன்னு நான் எழுதணும். உங்க பேரோட எழுதணும்"னாரு.

"எழுதுங்க சார். ஏர்கோன் வேலைக்குத் திரும்பிப் போக முடியாது. ஆனா எழுதுங்க."

அவருக்கு முதல்லயே தெரியுமா தெரியாதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பாக் மாட் வார வாரம் ஊருக்குப் போறத ஒரு இஞ்சினியர் கவனிக்காமலா இருப்பாரு? கேக்கலாம். நான் கேக்கல. அவரும் என் கண்ணாடியப் பத்திக் கேக்கல.

7. வாய் அடைச்ச ஆறு

மறுபடி டெஸ்ட். இந்தத் தடவ ஏழு நாள், பம்ப முழு வேகத்துல, நிறுத்தாம. மணிக்கு மணி தானா எழுதற லாகர குழாய்க்குள்ள தொங்க விட்டோம். அக்காகிட்ட சொல்லப் போனது நான்தான்.

"ஏழு நாளா? நிறுத்தாமலா?" அவங்க பூவ ஒதுக்கி வச்சாங்க. "என் குட்டை வத்துதுன்னு நிரூபிக்க என் குட்டைய வத்த வைக்கணுமா? நல்லா இருக்குயா உங்க நியாயம்."

தலையச் சொறிஞ்சேன்.

"சரி, செய்யுங்க. ஆனா தாமரை செத்துச்சுன்னா உங்களை அந்தச் சேத்துல நட்டு வச்சிருவேன். ஏற்கெனவே ஒரு பூட் அங்க இருக்கு, மிச்சத்தையும் அனுப்புங்க."

மூணாவது நாள் ஜேம்ஸ் சாரே ரப்பர் பூட் போட்டுட்டு ஆத்துல இறங்கினாரு. ஒரு கம்பிய அடி மண்ணுல குத்தினாரு. மணல் இருக்க வேண்டிய இடத்துல வழவழன்னு களிமண். மேல எங்கயோ மலைய வெட்டறான், வீடு கட்டறான். மழைக்கு மழை அந்தச் சேறு இறங்கி வந்து ஆத்தடியில படிஞ்சு கிடக்கு.

"ஆத்துக்கு வாய் அடைச்சிருச்சு மணியம். நம்ம பம்ப் ஆத்துலேர்ந்து இழுக்கப் பாக்குது, வேகமா வர மாட்டேங்குது. பம்புக்குத் தாகம் அடங்குமா? திரும்பி இந்தப் பக்கம் குட்டைய உறிஞ்சுது. குட்டைக்கு அடியில சுத்தமான மணல்." கையக் கழுவிட்டு மெதுவா சொன்னாரு. "வெயில் காலத்துல ஆத்துக்கும் இதேதான். மழை இல்லாதப்ப ஆத்துல ஓடறது பாதி கரைக்குள்ளேர்ந்து ஊறி வர்ற தண்ணி. ஆறு கிணறு போட்டு அதையும் நாம எடுத்துட்டா, கீழ இருக்கறவனுக்கு என்ன போகும்?"

அவர் வாயிலேர்ந்து அது வந்தது எனக்கு ஆச்சரியம். அப்பவும் சந்தேகம்தான். ரிப்போர்ட்ல இத எழுதுவாரா?

அஞ்சாவது நாள் காலையில போனேன். தாமரை இலையெல்லாம் ஓரம் சுருண்டு, தண்டு வெறுஞ்சேத்துல நிக்குது. குட்டை நடுவுல மட்டும் கொஞ்சம் தண்ணி. மீன் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுது. அக்கா படித்துறையில உக்காந்திருந்தாங்க. சண்டைக்கு வரல, அதுதான் பயமா இருந்துச்சு.

"இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல?"

"இல்ல அக்கா."

நேரா பாக் மாட்கிட்ட போய், "மத்திகான்"னேன். அணைச்சிருங்கன்னு அர்த்தம். அவரு ஆபீஸுக்கு ஃபோன் போடவான்னு கேட்டாரு. "நான் போடறேன்"னேன். முதல்ல அணைச்சாச்சு, அப்புறம்தான் ஃபோன். ஜேம்ஸ் சார் கத்துவாருன்னு ஃபோனக் காதுக்குத் தூரமா வச்சுக்கிட்டேன். "சரி, நின்ன நேரத்த எழுதிக்கோங்க"ன்னாரு, அவ்வளவுதான்.

குட்டை திரும்ப மேல் பலகைய நனைக்கறதுக்கு நல்ல மழை ரெண்டு தேவைப்பட்டுச்சு. தாமரையில பாதி பொழச்சுது. மிச்சத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா மன்னிக்கல.

8. சிவப்புக் கோடு

ரிப்போர்ட் லேட்டாப் போச்சு, ஆனா உண்மையாப் போச்சு. குட்டைப் பக்கத்து ரெண்டாவது கிணத்த மூடச் சொல்லி எழுதினாரு. புதுக் கிணறு எல்லாம் ஆத்தோரமாவே வரணும், குட்டைய விட்டுத் தள்ளி. ஆத்தடிச் சேற வருசா வருசம் பாக்கணும். குட்டையில இருக்கற அளவுப் பலகையில ஒரு சிவப்புக் கோடு. தண்ணி அதுக்குக் கீழ போனா பம்ப் நிக்கணும்.

பக்கத்து பாலாய்ராயாவுல, அதான் ஊர்ப் பொது மண்டபத்துல, மீட்டிங். அதிகாரிங்க, எஸ்டேட் மேனேஜர், நாங்க. ஸ்லைடு போட்டு எல்லாம் காட்டி முடிச்சதும் லெட்சுமி அக்கா எழுந்தாங்க.

"அந்தச் சிவப்புக் கோடு நல்ல கோடுதான். கீழ போனா யார் பாப்பா? யார் வந்து நிறுத்துவா?"

அதிகாரி ஒருத்தர் சிஸ்டம் இருக்குன்னாரு.

"சிஸ்டமுக்குப் பேரு என்ன? ஃபோன் நம்பர் இருக்கா?"

ஹாலே சிரிச்சுது. அதிகாரி சிரிக்கல. நான் கைய தூக்கினேன். ஏன் தூக்கினேன்னு கேக்காதீங்க, என் கை என்னைக் கேக்காம போச்சு. ஜேம்ஸ் சார் என்னைப் பாத்தாரு, அப்புறம் மைக்க இழுத்து, "வெள்ளிக்கிழமை அளவு ரெண்டு பேர் எடுப்பாங்க. கம்பெனி ஒண்ணு, குட்டைக்காரங்க ஒண்ணு. ரெண்டும் ஒத்துப் போனாத்தான் ஏத்துக்குவோம்"னாரு. அது ரிப்போர்ட்லயும் ஏறிருச்சு.

இந்த லைனுக்குப் புதுசா வர்றவங்களுக்கு என்கிட்ட இருக்கறது ஒண்ணுதான். சந்தேகப்படுங்க, தப்பே இல்ல. குட்டைக்காரங்களச் சந்தேகப்படுங்க, பாஸச் சந்தேகப்படுங்க, நேரா போற கோட்ட ரொம்பச் சந்தேகப்படுங்க. ஆனா முதல் சந்தேகத்த உங்க டேப்ப பிடிச்சிருக்கற கை மேல போடுங்க. எப்ப அளந்தேன், ஏன் அப்ப அளந்தேன், யாருக்கு வசதின்னு அளந்தேன். கிணத்தப் பாக்கறதுக்கு முன்னாடி அத எழுதுங்க. அளக்க வேண்டியது மிஷின் தூங்கும்போது இல்ல, குடிக்கும்போது.

இப்ப நான் வெள்ளிக்கிழமை காலையில போறேன், பம்ப் ஓடும்போது, கண்ணாடியப் போட்டுட்டு. லைட் நல்லாவே தெரியுது. அக்காவும் அந்தப் பக்கத்துலேர்ந்து அளவுப் பலகைய படம் எடுத்து வாட்சாப்ல அனுப்புவாங்க. கீழ எப்பவும் ஒரே வரிதான்: "நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

போன வாரமும் வந்துச்சு. நான் எழுதி முடிச்சு, நோட்ட மூடி, குடிக்க ஒரு தே தாரேக், பால் டீயும் வாங்கியாச்சு. ஃபோனப் பாத்தேன். நோட்டப் பாத்தேன். கிளாஸ அப்படியே வச்சுட்டு எழுந்து போய், பலகைய இன்னொரு தடவ பாத்துட்டு வந்துதான் பதில் போட்டேன்.